நாற்பதடி எட்டு

ஜூன் 9, திங்கள்

துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கிறேன். காலையிலிருந்து வண்டி மூன்று முறை நகர்ந்தது. அதில் ஒரு முறை, தூக்கத்தில் நானே பிரேக்கை விட்டதால் நகர்ந்தது.

டிரான்ஸ்போர்ட் ஆபீசில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கிடந்து சாம்பார் குடித்தது. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மனைவி பூவம்மா. "வூட்டுக்குள்ள கத்தாத. கோவம் வந்தா எதுலனா எழுதித் தொலை" என்றாள். பத்தாவது வரை படித்த கையெழுத்து. தொலைக்கிறேன்.

விஷயம் இதுதான். என் மகள் செங்கொடிக்கு வேலை கிடைத்திருக்கிறது. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள். லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் வேலை. எந்த அபார்ட்மெண்டில் லிஃப்ட் நடுவில் நின்றாலும் ஓடிப் போய் ஆளை வெளியே எடுக்க வேண்டும். ஓடிப் போக கம்பெனியே பைக் கொடுக்கிறது, கியர் பைக். அதற்கு அவளிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் லைசென்ஸோடு வந்தால் வெளி வேலை. வராவிட்டால் ஆபீசுக்குள் உட்கார்ந்து, "மாட்டிக்கிட்டோம் மேடம்" என்று கூப்பிடுகிறவர்களுக்கு போனில் ஆறுதல் சொல்லும் வேலை.

"நான் லிஃப்ட்டத் தொறக்கப் படிச்சேன் நைனா. போனத் தொறக்க இல்ல" என்கிறாள். பெயர் வைத்தது என் அப்பா. யூனியன்காரர். பெயரோடு பேச்சையும் சேர்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இதில் உனக்கு என்னடா கோபம் என்றால் — அப்பன் டிரெய்லர் டிரைவர். நாற்பதடி கன்டெய்னரைத் தூக்கிக்கொண்டு மணலிக்கும் துறைமுகத்துக்கும் போய் வருகிறவன். லைசென்ஸ் அட்டையில் எத்தனை வகை வண்டிக்கு இடம் உண்டோ அத்தனையும் வைத்திருப்பவன். மகள் பைக் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்ச் சேர்ந்தது எங்கே? எங்கள் திருவொற்றியூர் தெருமுனையில் தவசிமுத்துவின் டிரைவிங் ஸ்கூலில். ஏன் என்று கேட்டால், "நீ கத்துவ நைனா" என்கிறாள்.

நான் எங்கே கத்துகிறேன்? இதைப் பூவம்மாவிடம் கேட்டேன். கேட்டது எதிர் வீட்டு மாடி வரை கேட்டதாம்.

ஜூன் 10, செவ்வாய்

வரிசை நகர்ந்தது. எழுத நேரமில்லை. கோபமும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

கோபம் இருக்கிறது. நிறைய.

எல்.எல்.ஆர். வந்தது. ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று கொடுக்கிற லைசென்ஸ். அது கையில் வந்து ஒரு மாதம் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போகலாம். செங்கொடி தாளைப் பார்த்தாள். முகம் இருண்டது. வாங்கிப் பார்த்தேன். கியர் இல்லாத வண்டி என்று போட்டிருக்கிறது. ஸ்கூட்டி! இதை வைத்துக்கொண்டு அவள் கம்பெனி பைக்கைத் துடைக்கலாம், ஓட்ட முடியாது.

சட்டைப் பட்டனை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினேன். தவசிமுத்து தூத்துக்குடி பக்கத்து ஆள். பேச்சில் வெண்ணெய் தடவியிருக்கும்.

"வாங்க அண்ணாச்சி. ஏன் இப்பிடி வேத்து விறுவிறுத்து வாரிய?"

"என் பொண்ணு கியர் வண்டிக்குச் சொன்னா. நீ இன்னா போட்டுக்கீற?"

"பொம்பளப் பிள்ளைக்கு நாங்க கேக்க மாட்டோம் அண்ணாச்சி. கியர் இல்லாததுன்னே போட்டுருவோம். அதான் வழக்கம்."

"ஒரு வார்த்த கேட்டா இன்னா?"

"கேட்டா சில பிள்ளைய கியர்னு சொல்லிருதுல்லா? பொறவு கத்துக்குடுக்கணும்லா?"

யோசித்தால் ஒரு டிரைவிங் ஸ்கூல் முதலாளி இவ்வளவு உண்மையாகப் பேசி நான் கேட்டதில்லை. யோசிக்காமல் கத்தினேன். சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதவில்லை. பூவம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்.

மாற்றிக் கொடு என்றேன். மாற்ற முடியாதாம், புதிதாகப் போட வேண்டுமாம், மறுபடியும் முதலிலிருந்து ஒரு மாதமாம். அங்கே நின்ற ஸ்கூட்டியை ஓங்கி உதைத்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. விருட்டென்று வெளியேறினேன். தெரு பாதி வந்தபிறகுதான் தெரிந்தது, செருப்பை அங்கேயே விட்டிருக்கிறேன்.

செருப்பை எடுக்க செங்கொடி போனாள். "அப்பாவுக்கு பிரஷர் இருக்கா பாப்பா?" என்று விசாரித்தானாம்.

ஜூன் 24, செவ்வாய்

இ-சேவை மையத்தில் புதிதாக எல்.எல்.ஆர். போட்டாயிற்று. இந்த முறை நானும் போனேன். அங்கே இருந்த பெண்ணிடம் "கியர், கியர், கியர்" என்று மூன்று தரம் சொன்னேன். "சார், எனக்குக் காது கேக்கும்" என்றாள். சாலைக் குறி பரீட்சையில் செங்கொடி ஒன்றுகூட விடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு இரண்டு தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

சரி, யார் கற்றுக்கொடுப்பது? சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். செங்கொடி நாலைந்து டிரைவிங் ஸ்கூலுக்கு போன் போட்டுவிட்டாள். பெண்களுக்கு ஸ்கூட்டிதான் என்கிறார்கள். ஒருவர் "கியர் வண்டியா? உங்க அண்ணன் தம்பி யாரும் இல்லையாம்மா?" என்றாராம். பெரிய பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. சொந்தத்தில் சாலை, வளைவு எல்லாம் போட்டு, படித்து முடித்தால் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டே போட வேண்டாமாம். ஆனால் ஊரின் அந்தக் கோடியில். போய் வருவதற்குள் வேலைக்கே வயதாகிவிடும்.

"அப்ப நான்தான்" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கத்த மாட்டியே?" என்றாள் செங்கொடி.

"நான் எங்க..." என்று ஆரம்பித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

தேர்தலில் ஜெயித்தேன். எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக் கிடக்கும். லாரிகள் திரும்புகிற அகலமான இடம், காற்றில் துருவின் வாசனை, இரண்டு நாய்கள். சுண்ணாம்புப் பொடியால் எட்டு போட்டேன். அழகாக வந்தது. என் பழைய பைக்கில் சிவப்பில் 'எல்' ஒட்டி, செங்கொடிக்கு ஹெல்மெட் மாட்டி, பின்னால் நான் குந்திக்கொண்டேன்.

கிளட்சை விட்டாள். வண்டி துள்ளி நின்றது. மறுபடி துள்ளியது. மறுபடி நின்றது. நாய்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

"மெதுவா உடு! மெதுவா! மெதுவா உடுன்னு சொல்றேன்ல!"

"நீ கத்தறதுல நான் இன்னாத்த மெதுவா உட்றது?"

போகப் போக வண்டி ஓடியது. திருப்பத்தில்தான் தடுமாறினாள். நான் வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். "திரும்பறதுக்கு முன்னாடி எதிர்ப்பக்கம் நல்லா ஒதுங்கு. ஒதுங்கிகினு, அப்பால இஸ்து திருப்பு. இல்லன்னா பின்பக்கம் உள்ள வெட்டும்."

"பின்பக்கம் இன்னா கீது வெட்டறதுக்கு?"

"நான் கீறேன்ல."

சிரித்தாள். அதன்பிறகு சுலபமாக எட்டு வந்தது. நான் சொன்னதுபோலவே ஒதுங்கி, இழுத்து, அகலமாகத் திருப்பினாள். பூவம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். "நீ லாரிய ஓட்டு. வூட்ட நான் ஓட்டறேன். பொண்ண அவ ஓட்டிக்குவா" என்றாள். என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. கேட்கவும் பயம்.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்குக் கோபம் மட்டும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலிருந்து இடதுபக்கம் திரும்பினேன். இண்டிகேட்டர் போட்டேன், ஹாரன் அடித்தேன், எல்லாம் செய்தேன். பாதி திரும்பியபோது இடது பக்கம் ஏதோ கிறீச்சென்றது. காலை பிரேக்கில் வைத்து மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. இறங்கிச் சுற்றி ஓடிப் போய்ப் பார்த்தால், முதுகில் சாப்பாட்டுப் பை மாட்டிய ஒருவன். பைக்கின் கண்ணாடி என் சக்கரத்தில் உரசி உடைந்திருக்கிறது. ஆள் நின்றுகொண்டிருக்கிறான். உயிரோடு. போனைப் பார்க்கிறான்!

"டேய், இங்க எப்டி வந்த?"

"கேப் இருந்துச்சு அங்கிள்."

கேப். என் வண்டிக்கும் நடைபாதைக்கும் நடுவே கேப். அது நான் திரும்பினால் மூடிக்கொள்ளும் என்று இவனுக்கு யாரும் சொல்லவில்லையா? டிரைவர் உட்காருவது வலதுபக்கம். இடதுபக்கம் கதவுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எனக்குச் சாமி சத்தியமாகத் தெரியாது. முன்பெல்லாம் கிளீனர் ஒருவன் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துச் சொல்வான். இப்போது யார் கிளீனர் போடுகிறார்கள்?

"லைசென்ஸ் கீதாடா உனக்கு?"

"கீது. எட்டு போட்டு வாங்கினது."

எட்டு போட்டானாம் எட்டு! காலியான மைதானத்தில், பக்கத்தில் ஈ காக்கா இல்லாமல், ஒரு எட்டு. அதைப் போட்டுவிட்டால் இந்தச் சாலையில் போய்ச் சாகலாம் என்று அட்டை அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அவனை விட்டுவிட்டேன். என்ன செய்வது? சோறு ஆறிவிடும் என்று கிளம்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. செங்கொடியைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். "நீ போன் வேலைக்கே போ. பைக்கும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"இன்னாத்துக்கு?"

"நான் சொல்றேன்ல!"

"நீ தெனம் அதே ரோட்ல போற. நான் கூடாதா?"

"நான் மேல குந்திகினு போறேன். நீ கீழ போவ. கீழ போறவன் தெரிய மாட்டான். புரியுதா? தெரியவே மாட்டான்!"

கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவும் மகளும் உள்ளே பேசுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, அமைதியாக, "சரி. நீ மேலருந்து இன்னா பாக்கறேன்னு எனக்குக் காட்டு. பாத்துட்டு அப்பால முடிவு பண்றேன்" என்றாள்.

முடிவு அவள் பண்ணுவாளாம். இந்த வீட்டில் நான் யார்?

ஜூலை 13, ஞாயிறு

யார்டுக்குக் கூட்டிப் போனேன். வண்டி நின்றிருந்தது, சாவி என் கையில். மஜீதும் வந்தான். தண்டையார்பேட்டைக்காரன், எனக்கு முன்போ பின்போ எப்போதும் அதே வரிசையில் நிற்கிற டிரைவர். தோஸ்து.

செங்கொடி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அதில் அவள் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தாள். மஜீதிடம் பைக்கைக் கொடுத்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே சுற்றி வந்தான்.

"இப்ப மாமா எங்க?"

"வலது கண்ணாடில. தெரியறாரு."

"இப்ப?"

"பின்னாடி... இடது கண்ணாடில கொஞ்சம்..."

"இப்ப?"

"காணோம்."

"தேடு."

கழுத்தை நீட்டினாள், எழுந்து எட்டிப் பார்த்தாள். "போயிட்டாரா நைனா?"

இடதுபக்கக் கதவில் டொக்கென்று தட்டல். மஜீது கதவுக்கு நேர் கீழே, பைக்கோடு நின்று, "இன்னாம்மா, என்னக் கொன்னுட்டியா?" என்று சிரித்தான்.

செங்கொடி சிரிக்கவில்லை. இறங்கி, என்னை சீட்டில் உட்கார வைத்து, பைக்கை வாங்கி, அதே இடத்தில் தானே நின்று, மேலே கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் என் முகம் தெரிகிறதா என்று தேடினாளாம். தெரியவில்லை.

"உன் மூஞ்சி எனக்குத் தெரியலன்னா நானும் உனக்குத் தெரியல. அவ்ளோதானே?" என்றாள்.

அவ்வளவுதான். இதை நான் ஐந்து நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறேன், இப்படி ஒரு வரியில் எனக்குச் சொல்ல வரவில்லை.

போன் வேலை பற்றி அதன்பிறகு நான் பேசவில்லை. முடிவை அவள் எடுத்துவிட்டாள் என்று புரிந்தது.

ஜூலை 20, ஞாயிறு

சாத்தாங்காடு. இன்றைக்கு ஒரு தரம்கூடக் கத்தவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

ஜூலை 28, திங்கள்

ஆர்.டி.ஓ. மைதானம். டெஸ்ட். லீவு போட்டுவிட்டுப் போனேன். வேட்டியில் இஸ்திரி மடிப்பு வேறு.

அங்கே தரையில் எட்டு போட்டிருந்ததைப் பார்த்தேன். இவ்வளவுதானா எட்டு? எங்கள் வீட்டு ஹாலில் மடித்துப் போடலாம் போலிருந்தது.

செங்கொடி பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினாள், கிளம்பினாள், சுத்தமாகத்தான் கிளம்பினாள். முதல் வளைவு வந்ததும் — நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே — எதிர்ப்பக்கம் ஒதுங்கினாள். கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அங்கிருந்து இழுத்துத் திருப்பினாள். எட்டுக்குள் வர இடமில்லை. காலை ஊன்றினாள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, இன்னா, டிரெய்லரா ஓட்டற? எதுக்கு அவ்ளோ தூரம் போய் உள்ள வர்ற? அடுத்த வாரம் வா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் புரிந்தது. நாற்பதடி பெட்டி பின்னால் வந்தால்தான் அப்படி ஒதுங்க வேண்டும். பைக்குக்குப் பின்னால் ஒன்றும் வராது. நான் என் மகளுக்கு பைக் ஓட்டச் சொல்லிக்கொடுக்கவில்லை. டிரெய்லர் ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

செங்கொடி ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பின்பக்கம் இன்னா கீதுன்னு அன்னிக்கே கேட்டேன் நைனா."

தவசிமுத்துவும் வந்திருந்தான், ஸ்கூட்டியில் எட்டு போடப் பெண்களைக் கூட்டிக்கொண்டு. அத்தனை பேரும் பாஸ். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். "விடுங்க அண்ணாச்சி, டீ குடிங்க" என்று கிளாசை நீட்டினான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டீயை அவன் தலையில் ஊற்றியிருக்க வேண்டும். குடித்தேன். நன்றாக இருந்தது. அது இன்னும் கோபம்.

ஜூலை 29, செவ்வாய்

செங்கொடி பேசவில்லை.

ஜூலை 30, புதன்

இன்றும் இல்லை. சாம்பாரில் உப்பும் இல்லை. இரண்டும் ஒரே காரணமாக இருக்கலாம். பூவம்மாவிடம் கேட்டதற்கு, "எதிர்ப்பக்கம் ஒதுங்கி உப்ப இஸ்துப் போட்டுக்கோ" என்றாள்.

ஜூலை 31, வியாழன்

மஜீது சாத்தாங்காட்டில் லோடு ஏற்றப் போனவன் போன் செய்தான். சிரிப்பில் பாதி வார்த்தை விழுங்கிவிட்டான். "மாமு, நீ போட்ட எட்டு இன்னும் அழியாம கீது. இப்பத்தான் என் வண்டிய அதுல திருப்பினேன். சோக்கா திரும்புது மாமு! பெட்டியோட!"

வைத்துவிட்டேன். மறுபடி அடித்தான். "கோச்சுக்காத. என் தங்கச்சி ரூபினா லேடீசுக்குக் கத்துக்குடுக்கறா. கியர் வண்டிதான். உன் பொண்ண அங்க அனுப்பு."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடா?"

"நீ கேக்கவே இல்லியே. நானே ஓட்டக் கத்துக்குடுக்கறேன்னு யார்டு பூரா சொல்லிகினு இருந்த."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தண்டையார்பேட்டை. ஒரு மூடிப்போன கோடவுனின் பின்பக்கம், சிமெண்ட் தரை. ரூபினாவுக்கு ஒரு லேப்பில் ரத்த சாம்பிள் எடுத்துப் போகிற வேலை. புர்காவுக்கு மேலே ஹெல்மெட், கையில் கையுறை. கேட்டிலேயே நிறுத்தினாள்.

"வாங்கண்ணே. பொண்ணு உள்ள வரட்டும். நீங்க அந்தாண்ட."

"எந்தாண்ட?"

"எதிர்ல டீக்கடை கீது பாருங்க. அப்பா, அண்ணன், புருஷன் எல்லாரும் அங்கதான். உள்ள ஆம்பளைக்கு எடம் இல்ல."

"நான் அவளோட நைனாம்மா!"

"அதுக்குத்தான் சொல்றேன். அண்ணன் எல்லாம் சொல்லிட்டாரு. அந்த எட்டப் பத்தியும் சொன்னாரு."

மஜீது! அவனை...

டீக்கடையில் ஏற்கனவே நாலைந்து ஆண்கள். எல்லோர் முகத்திலும் ஒரே களை, பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்க வைத்த களை. ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "குந்துங்க சார். சம்சாரத்துக்குக் கத்துக்குடுக்கும்போது கைய நீட்டிட்டாங்க."

"நீங்களா?"

"அவங்க. வடை துன்னுங்க, இங்க நல்லா இருக்கும்."

மதிலுக்கு மேலே ஹெல்மெட்டுகள் மட்டும் தெரிந்தன. எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. எழுந்து போய் மதிலோரம் எட்டிப் பார்த்தேன். வண்டியை ஆஃப் செய்துவிட்டு எட்டு மேல் தள்ளிக்கொண்டு நடக்க வைக்கிறாள். என்ன அநியாயம்? நாள் போகிறது, ஆகஸ்ட் போகிறது, என் மகள் பைக்கைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள்!

"ரூபினாம்மா, இது இன்னா..."

"அண்ணே! டீக்கடை!"

எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். செங்கொடியும். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். பரவாயில்லை, எப்படியோ.

திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். "முன்சக்கரத்தப் பாக்கக் கூடாதாம் நைனா. போய்ச் சேர வேண்டிய எடத்தப் பாத்தா வண்டி தானா அங்க போவுமாம்."

"நானும் அததான் சொன்னேன்."

"நீ பின்பக்கத்தப் பாக்கச் சொன்ன."

ஆகஸ்ட் 11, திங்கள்

டெஸ்ட் இல்லை. சர்வர் வேலை செய்யவில்லையாம். வெயிலில் பாதி நாள் நின்றுவிட்டு வந்தாளாம், அவளும் அம்மாவும். நான் இந்தமுறை போகவில்லை, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் வரிசையில் இருந்தேன். அதுவும் நகரவில்லை. லிஃப்ட் கம்பெனி மேனேஜர் வேறு போன் செய்து, "உள்ள சீட் ரெடியா இருக்கும்மா, ஏசி ரூம்" என்று ஆசை காட்டுகிறாராம். ஏசி ரூம்! ஊரில் எல்லோரும் என் மகளை உட்கார வைக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள்?

நானும்தானே உட்காரச் சொன்னேன். ஜூலையில்.

சரி, அந்தப் பேச்சு வேண்டாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டீக்கடை. வடை நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சம்சாரத்துக்காரர் இன்றைக்கு வரவில்லை. அவருடைய மனைவி தானே ஓட்டிக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வரிசையில் இருக்கிறேன். இன்றைக்கு மறுபடி டெஸ்ட். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கிற மாதிரியே இருக்கும், எடுத்தால் அடித்திருக்காது.

பூவம்மா கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தம்.

"யோவ், முடிஞ்சிது."

"இன்னா முடிஞ்சிது? ஒழுங்கா சொல்லு! காலு?"

"இன்னா காலு?"

"காலு கீழ வெச்சாளா இல்லியா?"

"வெக்கல. ஒரு தரம் போனா, திருப்பியும் போகச் சொன்னாரு அந்த ஆளு, திருப்பியும் போனா. 'போன தரம் வந்த டிரெய்லர் பொண்ணுதானே நீ'ன்னு கேட்டாரு. ஆமான்னுச்சு. சிரிச்சிட்டாரு. பாஸு."

நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே ஹாரனை அழுத்திப் பிடித்துவிட்டேன். நீளமாக. அவ்வளவுதான், முன்னால் இருந்தவன் கேட் திறந்துவிட்டது என்று எஞ்சினைக் கிளப்பினான். அவனைப் பார்த்து அவனுக்கு முன்னால் இருந்தவன். பின்னால் எல்லோரும். மஜீது ஜன்னலில் தலையை நீட்டி "கேட்டு தொறந்துட்சா?" என்று கத்துகிறான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள் உறுமி, புகை கக்கி, ஒரு அங்குலம் நகரவில்லை. யார் முதலில் அடித்தது என்று தேடினார்கள்.

நானும் இறங்கிப் போய்த் தேடினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

வேலைக்குப் போகிறாள். கம்பெனி பைக், பெட்டியில் ஸ்பானர், டார்ச், கையுறை. முதல் நாளே மணலி புதுநகர் பக்கம் அனுப்பிவிட்டார்கள். நாங்கள் ஓடுகிற அதே சாலை. எனக்குத் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள், அம்மாவும் மகளும். வந்ததும் கத்தினேன். சாப்பாடு போட்டார்கள். கத்திக்கொண்டே சாப்பிட்டேன்.

மாட்டிக்கொண்ட லிஃப்ட்டில் ஒரு வயதான அம்மா இருந்தாராம், மருந்து வாங்கப் போனவர். கதவைத் திறந்ததும் செங்கொடியைப் பார்த்து, "நீ மட்டும்தானா? மெக்கானிக் வரலியா?" என்றாராம்.

செப்டம்பர் 12, வெள்ளி

தவசிமுத்து கடையைத் தாண்டி வந்தேன். ஒரு கல்லூரிப் பெண்ணிடம், "கியரா பாப்பா, கியர் இல்லாமலா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "இப்ப கேட்டுருதோம் அண்ணாச்சி" என்றான். கோபமாகவே கடந்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் காலைப் பார்த்தேன். செருப்பு இருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

நல்ல மழை. வரிசை. முன்கண்ணாடித் துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது. இன்றைக்கு மஜீது எனக்குப் பின்னால், நாலு வண்டி தள்ளி நிற்கிறான். இந்த மழையில் பைக் ஓட்டுகிறவர்கள் ஓரத்தில் தண்ணீர் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது என்று பார்க்காமல் இடதுபக்கம் நுழைந்து நுழைந்து போகிறார்கள். கத்திக் கத்திக் களைத்து ஜன்னலை ஏற்றிவிட்டேன்.

போன். மஜீது.

"மாமு, உன் பொண்ணு போவுது. எங்கியோ லிஃப்ட்டு நின்னுட்சு போல. மழக்கோட்டுப் போட்டுகினு ஜல்தியா போவுது."

"எந்தக் கண்ணாடில?"

"இன்னாது?"

"எந்தக் கண்ணாடிலடா தெரியறா?"

"வலது. வலதுலதான் மாமு. நல்லாத் தெரியுது."

வலது கண்ணாடியைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கண்ணாடியில் மழைதான் இருந்தது. அப்புறம் அதில் சின்னதாக ஒரு விளக்கு வந்தது. ஒவ்வொரு வண்டியாகத் தாண்டி, நிதானமாக, கை நீட்டினால் எட்டாத தூரத்தில் தள்ளியே வந்தது. என் கண்ணாடி முழுக்க மஞ்சள் மழைக்கோட்டு. ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் ஒரு நொடி மேலே திரும்பியது. என் முகம் தெரிந்திருக்கும். போய்விட்டாள்.

கை ஹாரனுக்குப் போனது. எடுத்துவிட்டேன். அடித்தால் இத்தனை பேரும் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.